பறவை தரும் தூரம்

மார்கழிக் காலையில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கரையில் நிற்பவருக்கு முதலில் கிடைப்பது சத்தம்தான். பனிக்குள்ளிருந்து மூக்கடைத்த குரலில் ஒரு கூட்டம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். வெளிச்சம் ஏற ஏறத் தண்ணீரின் அந்தப் பக்கம் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியவரும். இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் அவை. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும் என்று பறவைப் புத்தகம் சொல்கிறது. வெறுங்கண்ணுக்குப் பட்டையும் தெரியாது, தலையும் தெரியாது. கேமரா வைத்திருப்பவர் ஒரு படம் எடுக்கிறார். திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுகிறார். "கிராப் பண்ணா வந்துரும்" என்கிறார். "உடையுமே" என்கிறார் மற்றவர்.

படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவிலுள்ள பறவையை மட்டும் பெரிதாக்குவது கிராப். அப்படிப் பெரிதாக்கும்போது இறகின் நுணுக்கம் கரைந்து கட்டம் கட்டமாகத் தெரிவதைத்தான் 'படம் உடையுது' என்பார்கள். எவ்வளவு வெட்டினால் எப்போது உடையும் என்ற கேள்வி டிஜிட்டல் காலத்தில் பிறந்ததல்ல. அரியலூர், பெரம்பலூர் மண்ணிலும் அதைச் சுற்றியுள்ள காவிரி நாட்டிலும் கேமரா நுழைந்த நாளிலிருந்தே அது வெவ்வேறு வடிவத்தில் இருந்துவருகிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். வரித்தலை வாத்து ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம். 100 மீட்டர் தொலைவில் நீந்தும் வாத்தை 400 மில்லிமீட்டர் லென்ஸில் பிடித்தால், கேமராவுக்குள் விழும் வாத்தின் உருவம் 3 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசியின் பாதி நீளம். பிலிம் பெரிதோ சிறிதோ, கேமரா பழையதோ புதியதோ, அந்த 3 மில்லிமீட்டர் மாறாது. அதைத் தீர்மானிப்பவை இரண்டே: லென்ஸின் நீளம், பறவை தரும் தூரம். அந்த அரைஅரிசிக்குள் எத்தனை நுணுக்கத்தை அடைக்க முடியும் என்பதுதான் காட்டுயிர்ப் படக்கலையின் தொழில்நுட்ப வரலாறு.

இந்த வட்டாரத்தில் கேமராவின் தொடக்கக் காலத்தில் வெட்டுவதற்கே வேலை இருக்கவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் படமெடுத்தார். மெழுகு தடவிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அதை அச்சுத்தாளோடு ஒட்டிவைத்து வெயில் காட்டுவார்கள். நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. பெரிதாக்குவது என்ற பேச்சே இல்லை. ட்ரைப் செய்தது நேர் எதிரான வேலை. கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

அவருடைய தாள் ஒளியை மெதுவாக உள்வாங்குவது. கல் அசையாது, எழுத்து அசையாது என்பதால் அவை துல்லியமாகப் பதிந்தன. பறந்த காகமும் கிளியும் அந்தத் தாளில் விழவே இல்லை. மேகமும் சரியாகப் பதியாது. ஆகவே ட்ரைப் நெகட்டிவின் மேல் மையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். இல்லாததைச் சேர்ப்பது, இருப்பதை வெட்டுவது என்ற இரண்டு ஆசைகளில் முன்னது இவ்வளவு பழையது.

உயிருள்ளதைப் படத்தில் பிடிக்கும் முயற்சி அடுத்த 40 ஆண்டுகளில் சூடுபிடித்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1895-ல் பறவைக் கூடுகளைப் பற்றிய புத்தகத்தைப் புகைப்படங்களோடு கொண்டுவந்தார்கள். பிறகு உள்ளே கூடான மாட்டுப் பொம்மை ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை நெருங்கினார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, விலங்கு தட்டினால் தானே படமெடுக்கும் கேமராவை வைத்தார். 1906-ல் வெளியான அந்த இரவுப் படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. அதே வழியில் இந்தியக் காடுகளில் புலியைப் படமாக்கினார் வனத்துறை அதிகாரி எப்.டபிள்யூ.சாம்பியன். துப்பாக்கியைத் தூக்க மனமில்லாத அவர், அந்தப் படங்களைத் தொகுத்து 1927-ல் புத்தகம் வெளியிட்டார்.

இவர்கள் எல்லோரும் ஒரே சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார்கள். லென்ஸ் எட்டவில்லை, பிலிம் பெரிதாக்கத் தாங்கவில்லை. தூரத்தை எப்படியாவது குறைக்க வேண்டும். மறைந்து அருகில் போவது ஒரு வழி. விலங்கே கேமராவிடம் வரும்படி செய்வது இன்னொரு வழி.

தமிழ்நாட்டில் அந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்தவர் மா.கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1950-ல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். படமெடுப்பதில் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பிடிப்பில்லை. முதுமலையில் கும்கி யானையின் மேல் உட்கார்ந்து காட்டு யானைகளை எடுத்த படங்கள் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தன.

அவருடைய கேமரா எந்தக் கடையிலும் வாங்கியதல்ல. உடல் ஒரு கம்பெனி, தொலைநோக்கு லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் அவர் கையால் பொருத்தியவை. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். காட்டுயிர் ஆர்வலர் ஈ.பி.ஜீ போன்றவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். கருவி எப்படியிருந்தாலும், காட்டைப் படித்த கண் அதற்குப் பின்னால் இருந்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய விலங்குகளைப் பற்றி 1968 முதல் 1970 வரை நேரு ஆய்வுநல்கையின் கீழ் அவர் செய்த கள ஆய்வு இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ஆவணம். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

கிருஷ்ணன் காலத்துப் படக்காரர்கள் பெரிய கேமராவை ஏன் சுமந்தார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. 35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டம் 24-க்கு 36 மில்லிமீட்டர். கால் தட்டு எனப்பட்ட பழைய நெகட்டிவ் சுமார் 83-க்கு 108. பரப்பில் 10 மடங்கு. அருகில் நிற்கும் யானையைக் கால் தட்டு நிறைய எடுத்துவிட்டால், 8-க்கு 10 அங்குலப் படம் போட இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் போதும். 35 மி.மீ. பிலிமை அதே அளவுக்குக் கொண்டுவர எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். அவ்வளவு பெரிதாக்கும்போது பிலிமிலுள்ள வெள்ளி மணிகள் மணல்போல் தெரியத் தொடங்கும். யானைத் தோலின் சுருக்கம் சுருக்கமாகத் தெரிவதா, மணலாகத் தெரிவதா என்பதை முடிவு செய்தது இந்த மடங்குதான்.

ஆனால் ஏரியின் நடுவில் நீந்தும் வாத்துக்குப் பெரிய நெகட்டிவ் உதவாது. அதே லென்ஸில் வாத்து அங்கேயும் 3 மில்லிமீட்டர்தான். சுற்றிலும் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. பெரிய விலங்குகளின் அருமையான படங்கள் அந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்டிருக்க, திறந்த ஏரியில் விலகியே நிற்கும் நீர்ப்பறவைகள் ஒருவர் கைக்கும் எளிதில் அகப்படாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

வெட்டும் வேலை நடந்த இடம் இருட்டறை. சிவப்பு விளக்கின் அடியில் என்லார்ஜர் என்ற பெரிதாக்கும் கருவியின் தலையைத் தூணில் மேலே ஏற்றினால், பலகையில் விழும் உருவம் பெரிதாகும். ஓரங்கள் தாளுக்கு வெளியே போய்விடும். அதுதான் அன்றைய கிராப். தலையை ஏற்ற ஏற்ற வெளிச்சம் மங்கும், மணிகள் பருக்கும். டெவலப்பர் தட்டில் தாளை ஆட்டும்போது வாத்தின் கழுத்து மெல்ல மேலெழுந்து வரும். கறுப்புப் பட்டை கோடாக வந்தால் படம் தேறியது. புகையாக வந்தால் அந்தத் தாள் வீண், காசும் வீண். ஆகவே வெட்டுவதற்கு முன் கை யோசித்தது.

பிலிமும் எளிதில் கிடைத்த பொருளல்ல. வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உதகமண்டலத்தில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் அது விற்ற கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் ஊர் ஊராகப் போட்டோ ஸ்டுடியோக்களை நடத்தின.

அந்தத் தலைமுறையில் வந்த இன்னொருவர் பெயரிலேயே தஞ்சாவூரைச் சுமந்தவர். டி.என்.ஏ.பெருமாள் என்று உலகம் அறிந்த தஞ்சாவூர் நடேசாச்சாரி அய்யம் பெருமாள், 1932-ல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-ல் மறைந்தார். புகைப்படக் கலைஞர் ஓ.சி.எட்வர்ட்ஸிடம் தொழில் கற்றவர். இரவில் நடமாடும் உயிரினங்களைப் பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்துப் பெயர் வாங்கினார். இருட்டறையில் படம் போடுவதிலும் தேர்ந்த கை. அடுத்து வந்த பல இளைஞர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். கிருஷ்ணனின் படங்களைத் தொகுத்து 2006-ல் வந்த புத்தகத்தில் பெருமாளின் உழைப்பும் இருக்கிறது. காட்டுயிர்ப் படக்கலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு குருபரம்பரை உண்டு என்றால், இந்த இருவரையும் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கலர் சிலைடு வந்தபோது வெட்டும் சுதந்திரம் ஏறக்குறையப் பறிபோனது. சிலைடு கேமராவிலிருந்து வந்தபடியே திரையில் விழும். பறவை எந்த மூலையில் நிற்க வேண்டும், நாணல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதெல்லாம் பொத்தானை அழுத்தும் முன்பே முடிவாகிவிட வேண்டும். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இன்றும் சட்டத்தை ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கரைவெட்டி பாசன ஏரியாக மட்டும் இருந்தது. அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே விரிந்திருக்கும் அந்த ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிறது. செப்டம்பரில் வரத் தொடங்கும் நீர் நவம்பரில் ஏரியை நிறைக்கும். வயலுக்கு வந்த தண்ணீர் பறவைகளுக்கும் ஆயிற்று. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா என்று பட்டியல் நீளும்.

1999-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அப்போது இது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-ல் அதிலிருந்து பிரிந்து, மறுவருடம் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. பறவைகள் இந்த எல்லை மாற்றம் எதையும் கவனிக்காமல் அதே தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தன. 2024 ஜனவரி இறுதியில் கரைவெட்டி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, பரப்பு 453.7 ஹெக்டேர், அதாவது 1,100 ஏக்கருக்குச் சற்று மேல். கர்நாடகத்தில் வரித்தலை வாத்துகள் பெருங்கூட்டமாக வந்திறங்கும் மாகடி கெரேவும் அதே அறிவிப்பில் இருந்தது.

சரணாலயம் அறிவிக்கப்பட்ட அதே 1999-ல்தான் நிக்கான் டி1 என்ற டிஜிட்டல் கேமரா வந்தது. அதன் படத்தின் அகலம் 2,000 பிக்சல். 100 மீட்டரில் நிற்கும் நம் வாத்துக்கு அதே 400 மி.மீ. லென்ஸில் அதில் கிடைப்பது 250 பிக்சல். பத்திரிகை அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது வழக்கம். ஆக, வாத்து ஓர் அங்குலம்கூட வராது. பிறகு வந்த 24 மெகாபிக்சல் சிறு சென்சார் கேமராவில் அதே வாத்துக்கு 760 பிக்சல் கிடைத்தது. அச்சில் இரண்டரை அங்குலம். 2019-ல் வந்த 61 மெகாபிக்சல் பெரிய சென்சார் (ஃபுல் பிரேம்) கேமராவில் 800. மெகாபிக்சல் 24-லிருந்து 61 ஆனபோதும் வாத்து ஏறக்குறைய அதே அளவில்தான் நின்றது. காரணம் எளிது. பெரிய சென்சார் சுற்றியிருக்கும் ஏரியைக் கூடுதலாகப் பிடித்தது. வாத்து விழும் 3 மில்லிமீட்டருக்குள் அடைபட்ட பிக்சல்களின் நெருக்கம் அதிகம் மாறவில்லை. கால் தட்டு நெகட்டிவுக்கும் வாத்துக்கும் இருந்த அதே பழைய உறவு.

2015-ல் வந்த நிக்கான் பி900 போன்ற நீண்ட ஜூம் கேமராக்கள் வேறு வழியில் போயின. அவற்றின் சென்சார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். அதே 100 மீட்டரில் வாத்து சட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறைந்து, 2,000 பிக்சலை எட்டும். வெட்டும் வேலையை சென்சாரே செய்துவிடுகிறது என்று சொல்லலாம். விலையுயர்ந்த லென்ஸ் வாங்க முடியாத எத்தனையோ பேரைப் பறவை பார்க்க அழைத்துவந்த கருவி இது. ஆனால் அந்தச் சிறிய பிக்சல் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு. பனி மூடிய காலையில் தலைப் பட்டை, நாய்ஸ் எனப்படும் புள்ளி இரைச்சலில் கரைந்து போகும்.

பனி விலகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. வெயில் ஏறியதும் தண்ணீர்மேல் காற்று நெளியத் தொடங்குகிறது. அடுப்புக்கு மேலே தெரியும் காட்சிபோலத் தூரத்து வாத்து ஆடும். எந்த விலைக் கேமராவாலும் அந்த நெளிவை நேராக்க முடியாது; பெரிதாக்கினால் நெளிவுதான் பெரிதாகும். கரைவெட்டிக்கு அடிக்கடி வருபவர்கள் காலையிலேயே வந்து, வெயில் உறைக்கும் முன் தூரத்துப் படங்களை முடித்துக்கொள்வது இதனால்தான்.

வெட்டிய படத்தால் பெரும் பயனும் விளைந்திருக்கிறது. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் எழுத்தும் எண்ணும் பொறித்த கழுத்துப்பட்டைகளை வரித்தலை வாத்துகளுக்கு மாட்டிவிட்டார்கள். அவை தென்னிந்திய ஏரிகளில் படம்பிடிக்கப்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் ஒரு கழுத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அந்த எழுத்தைப் படித்தால், அந்தத் தனி வாத்து எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கே அழகுக்கு வேலையில்லை. படம் உடைந்தாலும் எழுத்து தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்பவர்களுக்கும் இது தெரியும். பேர் தெரியாத பருந்தின் வால் பட்டையைக் காட்டும் மங்கலான துண்டுப் படம் ஒன்று, அடையாளச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

வெட்டு எதை வெளியே தள்ளுகிறது என்பதும் வரலாற்றின் பகுதிதான். பெரம்பலூர் மாவட்டத்தின் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் உண்டு. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வந்து, சாலையில் அடிபடுவதும் தரைமட்டக் கிணற்றில் விழுவதும் அங்கே அடிக்கடி வரும் செய்தி. மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் நிற்கும் மானை எடுத்த படத்தில் வேலி, மின்கம்பம், சாலை எல்லாம் இருக்கும். மானை மட்டும் வெட்டியெடுத்தால் நடுக்காட்டு மான் கிடைக்கும். படம் அழகாகும், பெரம்பலூர் அதில் இருக்காது. அந்த மான் எதற்காகச் செத்துப்போகிறது என்ற சேதியும் ஓரத்தோடு போய்விடும்.

பன்னாட்டுப் புகைப்பட அமைப்புகள் சேர்ந்து 2014-ல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை வகுத்தன. படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது. வெட்டி நீக்குவது மட்டும் விதிவிலக்கு. ஓரத்தை வெட்டலாம், நடுவிலுள்ள குச்சியை அழிக்கக் கூடாது. இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. உடைந்த படத்தைச் சீராக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள், இல்லாத இறகை ஊகித்து வரைந்துவிடுகின்றன. ட்ரைப் நெகட்டிவில் தீட்டிய மேகத்துக்கும் இந்த இறகுக்கும் 160 ஆண்டு தூரம் உண்டு, உறவும் உண்டு. மேகம் யாரையும் ஏமாற்றவில்லை. இறகை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

உடையாத படம் வேண்டுமென்றால் நெருங்கிப் போவதுதானே வழி என்று தோன்றும். கரையிலிருந்து சேற்றில் இறங்கி 50 மீட்டர் முன்னால் போனால் வாத்து இரண்டு மடங்காகும். ஆனால் அதற்குள் கூட்டம் எழுந்துவிடும். இமயமலையைக் கடக்கையில் 7,290 மீட்டர் உயரம்வரை பறந்ததாகப் பதிவான இனம் அது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பை இந்த ஏரியைச் சுற்றியுள்ள புல்லிலும் தாளடி வயல்களிலும்தான் சேர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு படத்துக்காகக் கூட்டத்தையே எழுப்பிவிட்டால், இழப்பு முழுவதும் வாத்துக்கு. 1972-ம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்தில் படமெடுப்பதை அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியதாக வைத்திருப்பது இதற்காகவும்தான். கரையிலேயே நின்று வெட்டிக்கொள்பவர் படத்தின் தரத்தில் கொஞ்சம் இழக்கிறார். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளும் படக்காரர்கள்தான் கரைவெட்டிக்குத் தேவை.

அப்படிப்பட்டவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: வெட்டாத மூலக் கோப்பை அழிப்பதில்லை. வெட்டிய படத்தில் வாத்து மட்டும். வெட்டாததில் ஏரியில் மூழ்கி நிற்கும் கருவேல மரம் இருக்கிறது, அதன் அடிமரத்தில் தண்ணீர் விட்டுச்சென்ற சேற்றுக் கோடு இருக்கிறது, அந்தக் கரையில் பச்சையாக நெல் இருக்கிறது. பத்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால், எந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்தது, எந்த வருடம் மரத்தின் பாதிவரை ஏறியது என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லலாம். மார்ச்சில் வாத்துகள் வடக்கே கிளம்பிய பிறகு, மே மாத வெயிலில் ஏரி வெடித்துக் கிடக்கும்போது, கணினியைத் திறந்து அந்தக் கோட்டைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.